கேமராவுக்கு ஆகாத முகம்

"அடுப்படிக்குப் போடி. ரகு டெஸ்ட் முடிச்சு எழுந்திருக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது, சொல்லிட்டேன்."

மாமியார் கன்னியம்மா இப்படிச் சொன்னபோது மரகதம் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் ரகு உட்காரப்போகிற நாற்காலி. அதைத் துடைக்க அவள் கை ஆகும், முகம்தான் ஆகாது. புருஷன் சந்திரன் செத்ததிலிருந்து ஸ்ரீராம்புரத்து அந்த வீட்டில் இதுதான் சட்டம். யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் மரகதம் மறைந்து நிற்க வேண்டும்.

சந்திரன் விட்டுப் போனது ஒரு வேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வண்டி, இப்போது சந்து முனையில் தூசி படிந்து நின்றது. "நானே லைசென்ஸ் எடுத்து ஓட்டுறேன் அத்தே. கைச்செலவுக்குக்கூட உங்ககிட்ட வந்து நிக்க வேணாம் பாருங்க," என்று மரகதம் கேட்டாள். பீன்யா பேக்டரியில் நைட் ஷிப்ட் பார்த்து நொந்துபோன ரகுவுக்கும் வேன்மேல் ஒரு கண். கன்னியம்மா பஞ்சாயத்து பண்ணினாள்: "பழகுறதுக்குத் தர்ற லைசென்ஸ், அந்த எல்எல், யாருக்கு முதல்ல வருதோ, வண்டி அவங்களுக்கு." மகன் முதலில் எழுதுவான், மருமகள் அப்புறம் எழுதுவாள் என்று வரிசையையும் அந்த மகராசியே போட்டுக் கொடுத்தாள்.

மரகதம் விடவில்லை. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கிற நேரமெல்லாம் போனில் சாலைக் குறிகளைப் பார்த்தாள். வட்டத்துக்குள் இருந்தால் உத்தரவு, முக்கோணத்துக்குள் இருந்தால் எச்சரிக்கை. சாயங்காலம் ரகுவையும் எதிரே உட்கார வைத்து, கேள்வி கேட்டுப் படிக்க வைத்ததும் அவள்தான். சாயங்காலத்தில் அந்த முகம் ஆகும் போலிருக்கிறது!

டிரைவிங் ஸ்கூல் நரேஷ் மேஜைமேல் லேப்டாப்பைத் திறந்து வைத்தான். இப்போதெல்லாம் எல்எல் பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதிவிடலாம். எழுதுகிறவர் முகத்தைக் கேமரா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

"ரகு முகம் மட்டும்தான் தெரியணும். நடுவுல வேற முகம் வந்தா சிஸ்டம் அப்பவே பெயில் போட்டுடும். எல்லாரும் ஸ்வல்ப தள்ளி நில்லுங்க," என்றான் நரேஷ், கன்னடம் கலந்த தமிழில்.

கன்னியம்மாவுக்குப் புல்லரித்துப்போனது. "கேட்டியாடி? எந்த மூஞ்சி வந்தா காரியம் கெடும்னு கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சிருக்கு!"

"அது அப்படி இல்லம்மா..." என்று ஆரம்பித்த நரேஷ், நமக்கேன் வம்பு என்று வாயை மூடிக்கொண்டான். கன்னியம்மா மரகதத்தை அடுப்படிக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டாள்.

ரகுவுக்கு வாய்விட்டுப் படித்தால்தான் எதுவும் மண்டையில் ஏறும். கதவுக்குப் பின்னால் நின்ற மரகதத்தின் காதில் ஒவ்வொரு கேள்வியும் விழுந்தது. எல்லாவற்றுக்கும் ரகு சரியாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தான். வேன் போய்விட்டால், சாகிறவரை இந்தத் தாழ்ப்பாளுக்குப் பின்னால்தான்.

"அடக் கடவுளே, புள்ளைக்கு நெத்தி காலியா இருக்கே!" கன்னியம்மாவின் குரல். பின்னாலேயே அவசரக் காலடிச் சத்தம். "கொஞ்சம் குனிடா கண்ணு, திருநீறு வெச்சு விடறேன்."

"ஐயோ அம்மா! கிட்ட வராதே! போச்சு, எல்லாம் போச்சு!"

நரேஷ்தான் வந்து அடுப்படித் தாழ்ப்பாளைத் திறந்தான். திரையில் சிவப்பாக ஒரு வரி. "வேற முகம் வந்துடுச்சு. இனி மறுபடி முதல்லேருந்து அப்ளை பண்ணணும்," என்றான்.

கை நிறைய திருநீறோடு கன்னியம்மா அப்படியே நின்றாள். மஞ்சள் பூசிய முகம், காசளவு குங்குமம், இரண்டு பக்கமும் மூக்குத்தி. தெருவில் எந்தக் கல்யாணமானாலும் முதல் தாம்பூலத்தைக் கொடுத்து முன்னால் நிறுத்துகிற முகம். மரகதத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரகுவைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

"இவ கதவு இடுக்கு வழியா எட்டிப் பாத்திருப்பா. அதான் இப்படி ஆச்சு," என்றாள் கன்னியம்மா.

நரேஷ் அதைக் காதில் வாங்காமல், "வாங்கக்கா, அடுத்து நீங்க," என்றான்.

மரகதம் நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தை நடுவில் வையுங்கள், நேராகப் பாருங்கள் என்று கன்னடத்தில் எழுதிக் காட்டியது திரை. நேராகப் பார் என்று அவளிடம் ஒருவர் சொல்லி எவ்வளவு காலமாகிறது! முந்தானையால் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் கேள்வியைத் தொட்டாள்.

"பாஸ் அக்கா!" என்று நரேஷ் கத்தினான். ரகு அம்மா பக்கம் திரும்பிச் சொன்னான்: "வண்டி அண்ணிக்குத்தாம்மா. நீ சொன்ன வார்த்தைதானே?"

"ஓட்டட்டும், யாரு வேணாங்கறா? ஸ்கூலுக்குப் போற பச்சப் புள்ளைங்க காலங்காத்தால இவ மூஞ்சிலயா முழிக்கணும்? பெத்தவங்கதான் ஒத்துப்பாங்களா?"

மரகதம் ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"புள்ளைங்க பின்னாடி சீட்டுலதான் உக்காரும் அத்தே, என் முதுகத்தான் பாக்கும். முதுகுக்கும் ஏதாவது சகுனம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க."