மீரா உசேனின் வலது கை

பர்வின் டிபன் கேரியரைத் திறக்கும் சத்தம் கேட்டாலே ஹமீதா பானுவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாகூரில் காலையிலேயே பஸ் பிடித்து, தஞ்சாவூரில் இறங்கி, ஆட்டோ ஏறி, ஆஸ்பத்திரி மாடிக்கு மூச்சு வாங்க வந்து நிற்பாள் அந்த நாத்தனார். வந்ததும் கையைக் கழுவுவாள். சோற்றைப் பிசைவாள். "நானா, ஆ காட்டுங்க" என்பாள். ஹமீதாவின் புருஷன், ஐம்பத்தெட்டு வயது மீரா உசேன், அண்ணன் என்கிற கெத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு வாயைத் திறப்பார். அவருடைய வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி மடியில் கிடக்கும்.

பக்கவாதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. இந்த ஆஸ்பத்திரிக்கு அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். இங்கே சிகிச்சை என்றால் முக்கால்வாசி பயிற்சிதான். கால் தேறிவிட்டது. கம்பு ஊன்றி வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கிறார். பேச்சும் குழறலோடு வந்துவிட்டது. கைதான் வரவில்லை. வரவில்லை என்று சொல்வதுகூடத் தப்பு. பயிற்சி கொடுக்கும் நடராசன் சொன்னால் விரல் மடங்கும், நீளும். முழங்கை நெஞ்சுவரை உயரும். பயிற்சி அறையை விட்டு வெளியே வந்ததும் அந்தக் கை மறுபடி படுத்துக்கொள்ளும்.

"அம்மா, முதல் மூணு மாசம்தான் நமக்கு முக்கியம்" என்று நடராசன் போன வாரமே ஹமீதாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தான். "கையில உசிர் இருக்கு. வேலை வாங்கினா வரும். நீங்க வாயில ஊட்டுற ஒவ்வொரு வாய் சோறும் அந்தக் கைக்கு நீங்க கொடுக்கிற லீவு. சனிக்கிழமை வீட்டுக்குப் போறதுக்குள்ள ஒருதடவையாவது அவரே எடுத்துச் சாப்பிட்டுடணும். வீட்டுக்குப் போயிட்டா சொந்தக்காரங்க விட மாட்டாங்க."

ஸ்பூன் கொடுத்துப் பார்த்தாள். கொட்டுகிறது, நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தள்ளிவிட்டார். இடது கையால் சாப்பிட அவர் சம்மதிக்கவே மாட்டார், செத்தாலும் மாட்டார். பக்கத்துக் கட்டிலில் குத்தாலத்து விவசாயி பஞ்சநதம், டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தவர். அவர் பெண்சாதி வசவு மழை பொழிந்தே அவரை எழுப்பி உட்கார வைத்துவிட்டாள். ஹமீதாவும் வைது பார்த்தாள். ஆனால் அவள் வாயைத் திறந்த அடுத்த நிமிஷம் பர்வின் கேரியரைத் திறந்துவிடுகிறாளே, என்ன செய்வது?

கோபம் பர்வின்மேல் மட்டும் இல்லை. அது பழைய கோபம். கல்யாணமான மறு வருஷம் சார்ஜாவுக்கு ஏறிய மனிதர், இருபத்துமூன்று வருஷம் அங்கே ஒரு கட்டடச் சாமான் கிடங்கில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் லீவு. அந்த இரண்டு மாதமும் வீடே அவருக்கு விருந்து வைக்கும். குடிக்கத் தண்ணீர் அவர் கைக்குப் போகும். கறியில் நல்ல துண்டு அவர் தட்டுக்குப் போகும். அவரும் எதை வைத்தாலும் "நல்லாருக்கு" என்பார். சோறு குழைந்தாலும் நல்லாருக்கு, தீய்ந்தாலும் நல்லாருக்கு. தன் வீட்டில் தீப்பெட்டி எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. மாமியாரை நல்லடக்கம் செய்தபோது அவர் இல்லை. மகன் ஜாபிருக்கு டைபாய்டு வந்து அவள் பதினெட்டு நாள் தூங்காமல் கிடந்தபோதும் இல்லை. சண்டை போடலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பாள், அதற்குள் லீவு முடிந்து பெட்டி கட்டிவிடுவார். விருந்தாளியிடம் யார் சண்டை போடுவார்கள்?

ஒரேயடியாக வந்துவிட்டேன் என்று சொல்லி வந்து இறங்கினார். பதினோரு மாதத்தில் விழுந்தார். மறுபடியும் அதே விருந்து தொடங்கிவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் துபாயிலிருந்து ஜாபிர் போன் போட்டான். போன மாதம் பத்து நாள் லீவில் வந்து, வாப்பா காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போன பிள்ளை.

"உம்மா, வீட்டுக்குப் போனதும் ஒரு ஆள் போட்டுடலாம். ஊட்டுறது, குளிப்பாட்டுறது எல்லாம் அவரு பாத்துக்குவாரு. வாப்பா நமக்காக எவ்வளவு கஷ்டப்பட்டாங்க. இனிமே அவங்க ஒரு துரும்பைக்கூட தூக்கக் கூடாது."

"துரும்பைத் தூக்கத்தான்டா இங்க ஏழு வாரமா கிடக்கிறோம்" என்றாள் ஹமீதா. "நீயும் உன் வாப்பா மாதிரியே லீவுல வந்துட்டுப் போறவன். நடுவுல இருக்கிற நாளெல்லாம் எப்படிப் போகுதுன்னு உனக்கு என்ன தெரியும். ஆளு கீளுன்னு பேசாத, போனை வை."

வைத்த கையோடு பர்வினுக்குப் போன் போட்டாள். நாளைக்கு நெய்ச்சோறு ஆக்கிக்கொண்டு வா, கூடவே சகனையும் எடுத்துக்கொண்டு வா என்றாள். சகன் என்பது நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடும் பெரிய தட்டு. நானா வீட்டுக்குப் போகப்போகிற சந்தோஷத்தில் மச்சி, அதாவது அண்ணன் பெண்சாதி, கேட்கிறாள் என்று நினைத்த பர்வின், அதைச் சாக்கில் சுற்றிச் சுமந்துகொண்டு மறுநாள் மதியம் வந்து சேர்ந்தாள்.

இரண்டு ஸ்டூலைச் சேர்த்துப் போட்டு ஹமீதா அதன்மேல் சகனை வைத்தாள். ஒரு பக்கம் அவருடைய நாற்காலி, மறு பக்கம் பர்வின், எதிரே தான். நடுவில் நெய்ச்சோறு, மேலே கோழி. பர்வின் வழக்கம்போலப் பிசையக் கையை நீட்டினாள். ஹமீதா அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சகன்ல யாரு முதல்ல கை வைக்கணும்?"

பர்வின் விழித்தாள். இது அவர்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. மூத்தவர் வைக்கணும். அவர் வைக்காமல் மற்றவர் தொடுவது மரியாதை இல்லை.

"உன் நானா வைக்கட்டும். அப்புறம் நாம சாப்பிடலாம்."

"மச்சி, அவங்களால முடிஞ்சா வைக்க மாட்டாங்களா? உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"இல்லை. எல்லாத்தையும் இவருக்கே ஊட்டி விட்டுட்டேன்."

மீரா உசேன் மனைவியை முறைத்தார். "பசி... இல்ல" என்றார். பொய். காலையில் கஞ்சியையும் ஹமீதா ஊட்டவில்லை. அவளும் குடிக்கவில்லை.

கால் மணி நேரம் போயிற்று. சோற்றில் ஈ வந்தது, ஹமீதா விசிறினாள். பஞ்சநதம் இந்தப் பக்கம் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி ஆனபோது பர்வினின் நெற்றி வேர்த்தது. சர்க்கரைக்காரி. சாப்பாடு இதோ என்று வந்ததும் மாத்திரையைப் போட்டிருந்தாள்.

"பிஸ்கட் இருக்கு, எடுத்துத் தின்னு" என்று ஹமீதா பாக்கெட்டை அவள் பக்கம் தள்ளினாள்.

"நானா சாப்பிடாம நான் தொட மாட்டேன்" என்றாள் பர்வின். சொல்லும்போதே அவள் விரல்கள் நடுங்கின.

இந்தப் பைத்தியக்காரி இப்படி அடம்பிடிப்பாள் என்று ஹமீதா நினைக்கவில்லை. ஆனாலும் பயத்தை விழுங்கிக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"பாருங்க. நல்லாப் பாருங்க. உங்களுக்கு ஊட்டி ஊட்டி அவ இப்படி ஆயிட்டா. இருபத்துமூணு வருசம் உங்களுக்கு விருந்து வெச்சேன். போதும். எனக்கு விருந்தாளி வேணாம், வீட்டு ஆம்பளை வேணும். முடிஞ்சா கையை வைங்க. இல்லாட்டி மூணு பேரும் இப்படியே உக்காந்திருப்போம்."

அவர் முகம் கறுத்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது, அது அழுகை இல்லை, ஆத்திரம். தங்கையின் நடுங்கும் விரல்களைப் பார்த்தார். மடியில் கிடந்த கை அசைந்தது. தோள் ஏறியது, முழங்கை கோணிக்கொண்டு வந்தது, கை சகனின் விளிம்பில் தட்டி, சோற்றுக்குள் தொப்பென்று விழுந்தது.

"வெச்சுட்டார். சாப்பிடு" என்று ஹமீதா சொல்லி முடிப்பதற்குள் பர்வின் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். அழுதுகொண்டே மென்றாள்.

ஹமீதா தொடவில்லை. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை மெல்ல மடங்கின. கை எழும்பியது. பாதிச் சோறு சட்டையில் விழுந்தது, மிச்சத்தில் பாதி தாடியில். குனிந்து, கழுத்தை நீட்டி, மீதி நாலு பருக்கையை அவர் வாயில் சேர்த்தார். மென்றார். விழுங்கினார். பிறகு கோபமாகத் தங்கையைப் பார்த்தார்.

"சோறு... குழைஞ்சு போச்சு."

மெல்ல வசதியாக இருக்கட்டும் என்று பர்வின் ஏழு வாரமாக அப்படித்தான் குழைய விட்டுக்கொண்டிருந்தாள். அவள் திகைத்துப் போனாள். சோற்றில் ஏதேனும் குறை என்று அந்த மனிதர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஹமீதா விசிறியைக் கீழே வைத்தாள்.

"குழைஞ்சுதுன்னா ஞாயித்துக்கிழமை அடுப்பாண்ட வந்து நின்னு நீங்களே பதம் பாருங்க" என்றாள். "தீப்பெட்டி அடுப்புக்கு மேல இடது பக்கத்து அலமாரியில இருக்கு."

சொல்லிவிட்டுத் தன் கையைச் சகனில் வைத்தாள்.