கப்பல் மணிக்கு அடையும் கோழிகள்

எல்லாரும் சுகம்தானே? புரட்டாசி வந்தும் வெயில் இறங்கவில்லை. தலைசுற்றல், கால்வீக்கம் என்று யாரும் படுத்துவிடவில்லையே? பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் நலமா? எனக்கு முட்டிவலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. அந்த முட்டியையும் இந்த மாதம் கோழி துரத்தியே தேய்த்துவிட்டேன். ஏன் துரத்தினேன் என்று கேட்டால் நீங்களும் என்னைப் போல வாயைப் பிளப்பீர்கள்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டின் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் ஒரு கூண்டு. அதில் ஏழு நாட்டுக்கோழிகள். பெரியவளுக்கு 'மேஸ்திரி' என்று பெயர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர் சவரிநாதன் வைத்த பெயர் அது. மற்ற ஆறும் எங்கே கிளற வேண்டும், எப்போது தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதெல்லாம் மேஸ்திரியின் உத்தரவுதான். பின்சுவருக்கு அந்தப் பக்கம், காசிமேட்டு மீன் தின்று கொழுத்த பூனைகள் இருக்கின்றன. பொழுது சாய்வதற்குள் கோழிகளை அடைக்காவிட்டால் மறுநாள் இறகைத்தான் பொறுக்க வேண்டும்.

எங்கள் மகள் ஹெப்சிபா கார் ஏற்றிப் போகும் கப்பலில் இரண்டாம் அதிகாரி. லீவில் வந்திருந்தபோது, நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு கூண்டுக் கதவுக்குக் குனிவதைப் பார்த்திருக்கிறாள். நான்காவது நாளே ஒரு தானியங்கிக் கதவை வரவழைத்து மாட்டிவிட்டாள். ஒரு தகடு, அதன் மேலே ஒரு மோட்டார், பக்கத்தில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். விடியற்காலையில் வெளிச்சம் பட்டால் தகடு மேலே ஏறும். சாயங்காலம் ஆறரைக்குக் கீழே இறங்கும். இறங்கிவிட்டால் மறுநாள் விடியும்வரை திறக்காது. பின்னால் முட்டை எடுக்க ஒரு சந்து உண்டு. அதில் என் கை மட்டும்தான் நுழையும், கோழி நுழையாது.

அவள் எண்ணூரில் கப்பல் ஏறினாள். முதலில் சிங்கப்பூர், அங்கிருந்து கொரியா. கதவு நாங்கள் சொன்னபடி கேட்டது அவள் கிளம்பி இரண்டு நாள் வரைதான்.

மூன்றாம் நாள் கதவு ஆறு மணிக்கே இறங்கிவிட்டது. உள்ளே மூன்று கோழிகள், வெளியே நான்கு. அந்த நான்கையும் அன்றைக்குக் குளியலறையில் படுக்க வைத்தேன். அதற்கடுத்த நாள் ஐந்து மணிக்கே இறங்கியது. ஏழு கோழிகளும் வெளியே நின்றுகொண்டு, கடையடைப்பு அன்று ரேஷன் கடைக்கு வந்தவர்கள் மாதிரி கதவைப் பார்த்தன.

"இன்னா ஞானம், உம்பொண்ணு வாங்கின கதவு ஓவர்டைம் பாக்கவே மாட்டேங்குது!" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர்.

அன்று இரவு ஹெப்சி கூப்பிட்டபோது சொன்னேன். அவளும் சிரித்தாள்.

"மம்மி, கதவு கெடல. கிழக்கால போகப் போக பொழுது சீக்கிரம் சாயும் இல்ல, அதுக்கு நாங்க கப்பல் கடிகாரத்த முன்னாடி தள்ளுவோம். அது என் வேலை. நேத்து ஒரு மணி நேரம் தள்ளினேன், என் போனையும் தள்ளி வெச்சேன். உன் கதவு நெட் வழியா என் போனைப் பாத்துதான் மணி தெரிஞ்சுக்குது. இங்க ஆறரைன்னா அதுக்கும் ஆறரை."

"இங்க அஞ்சுதானேடி ஆச்சு!"

"அது கதவுக்குத் தெரியாதே. பெட்டில ஒரு சிவப்பு பட்டன் இருக்கு பாரு. பத்து எண்ணுற வரைக்கும் அமுக்கிப் புடி. என் போனை மறந்துடும். அப்புறம் டாடி போனைச் சேத்துடுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

சரி என்றேன். ஆனால் அமுக்கவில்லை.

ஏன் என்று கேட்டால் என்ன சொல்ல? அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ நடுக்கடலில் என் பெண் ஒரு கடிகாரத்தைத் திருகுகிறாள். இங்கே ராயபுரத்தில், முருங்கை மரத்தடியில், என் கோழிகளுக்குச் சாயங்காலம் வந்துவிடுகிறது. காலை எங்கள் ஊர்ச் சூரியனுடையது, மாலை அவளுடையது. கையில் இருந்த கிண்ணத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். குழாய்த் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து நான்கு மணி. அப்படியென்றால் சிங்கப்பூர். அவளும் அங்கிருந்து பேசினாள். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், வைக்கிறேன் என்று ஒரு நிமிடப் பேச்சு. அதற்கப்புறம் பேச்சே இல்லை.

முதல் இரண்டு நாள் பெரிதாக நினைக்கவில்லை. கடலில் நெட் வரும், போகும். மூன்றாம் நாள் டிவியில் காட்டினார்கள்: சீனக் கடலில் சூறாவளி. வெள்ளையாக ஒரு பெரிய சுருள், நடுவில் ஒரு ஓட்டை. இவர் உடனே கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்குப் போன் போட்டார். "கப்பல் ஓடிகிட்டுதான் இருக்கு சார், பயப்படாதீங்க" என்று அங்கே ஒரு பிள்ளை சொன்னது. கப்பல் ஓடுகிறது, சரி. அதற்குள் என் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், "அதெல்லாம் எங்களுக்கு வராதுங்க" என்றது. நான் அனுப்பிய செய்திகள் எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றன.

கதவு மட்டும் நாள் தவறாமல் நான்கு மணிக்கு இறங்கியது. அவள் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போன மணி அது.

இப்போது எனக்கு ஒரே வேலைதான். பட்டனை யாரும் தொடக்கூடாது, கோழியையும் பூனைக்குக் கொடுக்கக்கூடாது. ஏழையும் தினம் குளியலறையில் படுக்க வைக்க முடியுமா? ஆக, நான்கு மணிக்குள் கூண்டில் ஏற்ற வேண்டும். கொளுத்துகிற வெயிலில் எந்தக் கோழி கூண்டுக்குப் போகும்? பக்கத்து வீட்டு கெங்கம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவள். அவள் கொடுத்த காய்ந்த கூனி இறாலை ஒரு தகர டப்பாவில் போட்டுக் குலுக்கிக்கொண்டே, கூண்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பேன். முதல் நாள் இரண்டு போயின, அடுத்த நாள் நான்கு. ஐந்தாம் நாள் டப்பாவைக் கையில் எடுத்ததுமே ஆறும் வரிசையாக ஏறிவிட்டன. அதைப் பார்த்து எனக்குப் புல்லரித்துவிட்டது. சூரியன் இன்னும் எரிகிறது, தெருவில் பள்ளிக்கூடம்கூட விடவில்லை, என் கோழிகள் கப்பல் மணிக்கு அடைகின்றன!

மேஸ்திரி மட்டும் மசியவில்லை. பொழுது சாயாமல் அவள் அடைய மாட்டாள். அவளை முருங்கையைச் சுற்றித் துரத்துவேன். சுவருக்கு மேலே கெங்கம்மாவின் தலை தெரியும்.

"இன்னாக்கா, கோயிங்கல்லாம் ஷிப்டு முட்ச்சிகினு கெளம்பிட்ச்சா?"

"சிரிக்காத கெங்கம்மா. அங்க ஹெப்சிக்கு ஆறரை."

"நல்லா கீதே கதை! அது அங்க கொட்டாவி வுட்டா இங்க கோயி தூங்கணுமா?" என்பாள். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு, "பொண்ணு பேசிச்சாக்கா?" என்று கேட்பாள். நான் தலையை ஆட்டுவேன். "பேசும் பேசும். அது கெட்டிக்கார பொண்ணு" என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு கை கூனியை நீட்டுவாள்.

ஆறாம் நாள் மேஸ்திரியை என்னால் பிடிக்க முடியவில்லை. கதவு இறங்கிவிட்டது. அப்புறம் பிடித்துக்கொள்ளலாம் என்று உள்ளே அடுப்பைப் பார்க்கப் போனேன். ஒரு கத்தல் கேட்டது. ஓடி வந்து பார்த்தால், சுவரில் ஒரு கடுவன் பூனை, அதன் வாயில் கொத்தாக வால் இறகு. மேஸ்திரி சலவைக் கல்லுக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் உடம்பு கிடுகிடுவென்று ஆடியது.

என் வீட்டுக்காரரும் ஓடி வந்து பார்த்தார். நேராகப் போய்ப் பெட்டியைத் திறந்து, சிவப்புப் பட்டன்மேல் கட்டைவிரலை வைத்தார்.

"வேணாங்க."

"இன்னா வேணாம்? நாளைக்கு ஏழும் போயிடும். அறிவு இல்ல உனக்கு?"

"அமுக்கினா அவ போனை மறந்துடும்."

"அதான் பேச்சு மூச்சே இல்லையே! அந்த போன்லேர்ந்து இன்னா வருது இப்ப?"

"ஒன்னும் வரல. வந்தா இது வழியாவும் வரும் இல்ல? இதையும் நாமளே மூடிட்டா?"

அவர் விரல் அந்தப் பட்டன்மேலேயே இருந்தது. மூன்று, நான்கு என்று என்னையறியாமல் மனசுக்குள் எண்ணினேன். ஆனால் அவர் அமுக்கவில்லை. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு, "மேஸ்திரிக்கு மஞ்சள் வெச்சு உடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் மூன்றே முக்காலுக்கு நான் பின்பக்கம் வந்தால், கூனி டப்பாவோடு அவர் எனக்கு முன்பே அங்கே நின்றார். மேஸ்திரியை அவர்தான் பிடித்தார். அதற்கடுத்த நாளும் அவர்தான்.

ஒன்பதாம் நாள். சாப்பிட்டு முடித்து நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். இவர் முருங்கை நிழலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. கோழிகள் ஏழும் அடுப்புச் சாம்பலில் புரண்டுகொண்டிருந்தன. அப்போது 'கிர்ர்' என்று மோட்டார் சத்தம். தகடு இறங்கியது. மெதுவாக, கடைசி அங்குலத்தில் கொஞ்சம் தயங்கி, 'டக்' என்று உட்கார்ந்தது.

"அதுக்குள்ள நாலா?" என்றேன்.

இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "மூணு" என்றார்.

"மூணா?"

"பட்டனைத் தொட்டியா நீ?"

"சத்தியமா இல்லீங்க."

அவர் விரல் விட்டு எண்ணினார். "ஆறு, அஞ்சு, நாலு... மூணு. இன்னொரு மணி தள்ளிட்டா. கொரியா பக்கம் போயிட்டா ஞானம்."

"தானா தள்ளாதே? யாராவது தள்ளினாதானே?"

"அவதான்டி தள்ளணும். அவ கைதான்."

கையில் இருந்த ஈரத்துணியைப் பிழியக்கூட மறந்து நின்றேன். வெயிலில் கண் கூசியது. துறைமுகம் பக்கம் ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது. மூடின கதவைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கெங்கம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, ரெண்டு பேரும் கூண்டாண்ட நின்னுகினு கீறீங்க? கோயி இன்னா ஆச்சு?"

"கதவு மூடிட்சு கெங்கம்மா."

"அதுக்கா அயுவுற?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது மறுபடியும் 'கிர்ர்'. தகடு அசைந்தது. யாரும் பக்கத்தில் இல்லை, பட்டனை யாரும் தொடவில்லை. விடியற்காலையைத் தவிர வேறு எப்போதும் ஏறாத கதவு, பட்டப்பகல் மூன்று மணிக்கு, எங்கள் கண்ணுக்கு எதிரே மேலே ஏறியது. கீழே ஒரு கோடு மாதிரி வெயில் உள்ளே நுழைந்தது. அது அகலமாகி, வைக்கோல்மேல் பரவி, ஒரு முட்டையைத் தொட்டது. இவர் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். கெங்கம்மா சுவரைப் பிடித்தபடி, "யம்மாடி" என்றாள். கதவு கையால் தூக்குகிற மாதிரி ஏறியது. கையால்தான் தூக்கினாள். அந்தக் கை எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

உள்ளே போன் அடித்தது. இவர்தான் ஓடிப்போய் எடுத்து வந்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மம்மி! கோழிங்க வெளிய மாட்டிக்கிச்சா? இப்பதான் நெட் வந்துச்சு. வந்தவுடனே 'கதவு மூடியது'ன்னு போன்ல காட்டுது. அய்யோ, அங்க மூணு மணிதானே, எல்லாம் வெளிய மேயுமேன்னு உடனே போன்லயே தூக்கிட்டேன். உள்ள போச்சா?"

ஒன்பது நாள் கழித்து அவள் கேட்ட முதல் கேள்வி அது. காற்றில் ஆண்டெனா உடைந்ததையும், இரண்டு ராத்திரி யாரும் தூங்காததையும், அன்று மதியம்தான் ஒருவர் மேலே ஏறிச் சரிசெய்ததையும் அப்புறம்தான் சொன்னாள். இவர்தான் பதில் சொன்னார்.

"ஒன்னுகூட உள்ள போலம்மா. எல்லாம் நின்னு வேடிக்கை பாக்குதுங்க, எங்களாட்டம்."

நிஜம்தான். ஏழும் கழுத்தை நீட்டி அந்தத் திறந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றன.

என் கதை இவ்வளவுதான். உங்கள் பிள்ளைகளும் கடலிலோ பாலைவனத்திலோ எங்கேயாவது இருப்பார்கள். பேச்சு நின்றுபோன நாட்களில் அவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்று உங்களுக்கு எது சொல்லியது? எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தாலும் கீழே எழுதுங்கள், ஒன்று விடாமல் படிப்பேன். கோழி வளர்க்கிறவர்கள் யாராவது இருந்தால், மேஸ்திரி மாதிரி பிடிவாதக்காரியை வெயிலில் எப்படிக் கூண்டில் ஏற்றுவது என்றும் சொல்லுங்கள். பட்டனை இன்னும் அமுக்கவில்லை. நாளைக்கும் மூன்று மணிக்குத்தான் கதவு.