உருண்டையின் பங்கு

அன்றைக்கு மிக்ஸி மூடியைப் பிடிக்க அவள் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டுச் சமையலில் அவனுக்கென்று இருந்த ஒரே வேலை அதுதான். மூடியின் ரப்பர் தேய்ந்து போயிருந்தது. யாராவது உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்காவிட்டால் கூழ் சுவரெல்லாம் தெறிக்கும். "மூடி மந்திரி, கொஞ்சம் எழுந்து வாங்க" என்று மனைவி கூப்பிடுவாள். அவன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போவான். உருண்டை என்று அவர்கள் செல்லமாகக் கூப்பிடுகிற மகள், பால் தவிர வேறு சாப்பிடத் தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான்.

அன்றும் ஆட்டுத் தொடையை ஓவனிலிருந்து எடுத்துச் சூடு தணியப் பலகையில் வைத்தாள். உப்பும் மிளகும் பிடித்த மேல்பகுதியைச் சீவி ஒதுக்கினாள். எலும்பை ஒட்டி, தொட்டாலே பிரிகிற பதத்தில் இருந்த கறியை ஒரு கையளவு எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள். இடையில் புகுந்த அவன் விரலில் கரண்டிக் காம்பால் ஒன்று வைத்தாள்.

"முதல்ல அவளுக்கு. கொள்ளைக்காரங்களுக்கெல்லாம் அப்புறம்."

சாப்பிட்டார்கள். அவன் சோபாவில் சாய்ந்தான். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது, மிக்ஸி ஓடவில்லை. கூப்பிடாதவரைக்கும் லாபம் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் காலை, அவள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகும் வழியில், பின்னால் பார்க்காமல் ரிவர்ஸில் வந்த ஒரு சரக்கு வேன் அவளை அடித்துக் கொண்டுபோய்விட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் அவன் முகத்தைப் பார்த்துப் பேசியது குறைவு. அவனைத் தாண்டிப் பேசியதுதான் அதிகம். "ஆம்பள ஒருத்தன் கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்?" என்று அவன் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே அடுத்தவரிடம் கேட்டார்கள். அவனும் ஒரு நாற்காலி, மேசை என்பது மாதிரி. அவன் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். எழுத்தில் ஒரு தவறு கண்ணில் பட்டால் விடமாட்டான். ஆனால் எதிரில் நின்று பேசுகிறவர்களைத் திருத்தி அவனுக்குப் பழக்கமில்லை.

உருண்டை சாப்பிடுவதை விட்டுவிட்டாள். டப்பாவில் விற்கிற கூழ் வகைகளில் அவன் வாங்காதது இல்லை. எல்லாவற்றையும் நாக்கால் வெளியே தள்ளினாள். பாலை மட்டும் குடித்தாள். கன்னம் வற்றியது. "தாய் ஏக்கம். அது அப்படித்தான்" என்றார்கள் எல்லோரும். அவனும் நம்பினான். காலையில் மனைவி வேலைக்குப் போவாள், மதியம் அவள் திரும்பியதும் அவன் கிளம்புவான். குழந்தையின் மதியச் சாப்பாடு எப்போதுமே அவள் கையால்தான், அவன் போன பிறகு. அந்தக் கை இல்லாவிட்டால் குழந்தை எப்படிச் சாப்பிடும்?

லீவு முடிகிற நேரம். அச்சகத்துக்குப் பக்கத்தில் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் இடம் கேட்டு வைத்திருந்தான். அந்தச் சனிக்கிழமைதான் துணிந்து தொடைக்கறி வாங்கினான். ஓவனில் வைத்தான். மேல்பகுதி கருகியது, உள்ளே நன்றாகவே வெந்திருந்தது. குழந்தையின் பங்கை முதலில் எடுத்து வைத்தான். எலும்பை உப்பில்லாமல் வேகவைத்துச் சாறு எடுத்தான். மறுநாள் மதியம் கறியையும் உருளைக்கிழங்கையும் மிக்ஸியில் போட்டு, மூடியைத் தானே அழுத்திக்கொண்டு அரைத்தான். பட்டுப்போல் வந்தது. அந்த நேரத்தில்தான் வாசலில் மணி அடித்தது.

மனைவியின் அக்காவும் அவள் கணவரும். அக்கா கையில் பெரிய பை ஒன்று இருந்தது. காலியான பை.

"கொஞ்ச நாளைக்கு நாங்க கூட்டிட்டுப் போறோம், தம்பி" என்றாள் உட்காருவதற்கு முன்பே. "காப்பகத்துல கொண்டுபோய் விடப் போறீங்களாமே. கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல."

"எத்தன நாளைக்குக்கா?"

"அவ ஓடியாடற வரைக்கும்."

சகலை பேச்சில் கலந்துகொள்ளாமல் வாசனை வந்த பக்கம் நடந்தார்.

அக்கா உருண்டையைத் தூக்கிப் பார்த்தாள். முகம் மாறியது. "என்ன இது, தூக்கினா கையில ஒண்ணுமே இல்ல?" என்றாள். பிறகு மேசை மேல் இருந்த கிண்ணத்தை முகர்ந்தாள். "இது என்ன?"

"கறி. உருளைக்கிழங்கு போட்டு அரைச்சது."

"எப்பச் செஞ்ச கறி?"

"நேத்து. ஃபிரிட்ஜ்ல இருந்தது. நல்லா ஆவி வரச் சூடு பண்ணித்தான்…"

"நேத்தா? மிச்சம் மீதியையா என் தங்கச்சி பொண்ணுக்குக் கொடுக்கறீங்க?"

"அவளும் இதத்தான் கொடுத்தா."

"கொடுத்திருந்தா அதுவும் தப்புதான். பாவம், அவளுக்கும் வேல, அலுப்பு. இருந்தத அள்ளிப் போட்டிருப்பா. அதான் புள்ள இப்பிடி நிக்குது."

அவனுக்குக் காது சுட்டது. இத்தனை நாளும் தன்னைப் பற்றிப் பேசியதையெல்லாம் விழுங்கியிருந்தான். இது அவளைப் பற்றியது. அவள் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டாள் என்ற தைரியத்தில் சொன்னது.

"அக்கா, என்னை என்ன வேணா சொல்லுங்க. அவள அலுப்புல அள்ளிப் போட்டான்னு சொல்லாதீங்க." குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "மிச்சம்னா என்ன? யாரோ தின்னது போக இருக்கறது. இந்த வீட்டுல தொடைய வெட்டினா முதல் பங்கு இவளுக்கு. எந்தத் தட்டுக்கும் போறதுக்கு முன்னாடி. இருக்கறதுலயே நல்ல கறி, உப்பு படாத கறி. அத எடுத்து வெச்சது போகத்தான் நாங்க சாப்பிட்டோம். நீங்களும் இங்க உக்காந்துதான் சாப்பிட்டீங்க. சகலை ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டார். என் பொண்ணு மிச்சம் சாப்பிடல. நாமதான் அவ மிச்சத்தச் சாப்பிட்டோம்!"

"மூணு தடவ" என்றார் சகலை, சமையலறை வாசலில் இருந்து.

"நீங்க சும்மா இருங்க!" என்றாள் அக்கா.

அவன் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். ஒரு கரண்டி எடுத்து ஊட்டினான். உருண்டை வாயில் வாங்கினாள், யோசித்தாள், நாக்கை நீட்டினாள். கூழ் முழுவதும் அவன் சட்டையில் வழிந்தது. இன்னொரு கரண்டி. அதுவும்.

"பாத்தீங்களா" என்றாள் அக்கா. சந்தோஷமாகச் சொல்லவில்லை, அழுகிற மாதிரிதான் சொன்னாள். அதுதான் அவனுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அவள் எழுந்து உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தமும் பையின் ஜிப் இழுபடும் சத்தமும் கேட்டன. சாப்பிடாத குழந்தையை வைத்துக்கொண்டு எந்த வாயால் தடுப்பது?

சகலை நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் விரல் நீளத்துக்கு ஒரு கறித் துண்டு. குழந்தையின் டப்பாவில் மீதம் இருந்ததிலிருந்து எடுத்தது. "உப்பே இல்ல, சகல. ஆனா மெத்துனு இருக்கு" என்று மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார்.

உருண்டை எட்டி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஐயோ, தொண்டையில சிக்கிக்கும், புடுங்குங்க!" அக்கா கையில் பாதி மடித்த துணியோடு ஓடி வந்தாள். அவனும் பிடுங்கத்தான் கை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது. குழந்தை துண்டை முஷ்டிக்குள் பிடித்து, மேலே நீட்டிக்கொண்டிருந்த நுனியை மட்டும் நாலு பல்லால் கவ்வி, ஒரு நூல் அளவுக்கு இழுத்து, மென்று, விழுங்கி, மறுபடி நுனிக்கு வந்தாள். அவசரம் இல்லை, தடுமாற்றம் இல்லை. முதல் தடவை செய்கிறவள் இப்படிச் செய்யமாட்டாள்.

அப்போதுதான் அந்தக் கடைசி ஞாயிறன்று ஓடாத மிக்ஸி அவனுக்கு உறைத்தது. மூடியைப் பிடிக்க அவள் ஏன் கூப்பிடவில்லை என்று இப்போது தெரிந்தது. அவள் அரைப்பதையே நிறுத்தியிருந்தாள்.

பல் முளைத்து, கையால் எடுத்துத் தின்னப் பழகிவிட்டவளுக்கு ஆளாளுக்குக் கூழை நீட்டிவிட்டு, பழியைத் தாய் ஏக்கத்தின் மேல் போட்டிருந்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து போட்டிருந்தான். இத்தனை பெரியவர்களில் ஒருவருக்காவது அந்த வாயைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

அவன் குழந்தையைச் சகலையின் மடிக்கு மாற்றிவிட்டு அடுப்படிக்குப் போனான். மீதிக் கறியை நாருக்குக் குறுக்கே மெல்லிய துண்டுகளாக்கினான். கொழுப்பையும் சவ்வையும் விரலால் தடவித் தேடி எடுத்தான். எலும்புச் சாற்றில் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆற வைத்து, ஒரு துண்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அக்காவின் முகத்துக்கு நேராக அழுத்தினான். வெண்ணெய் மாதிரி நசுங்கியது.

"சிக்குமா? சொல்லுங்க, சிக்குமா?"

உருண்டையின் முன்னால் தட்டு வைத்தான். அவள் இரண்டு கையாலும் சாப்பிட்டாள். ஒரு துண்டைத் தரையில் போட்டாள், ஒன்றைச் சகலையின் சட்டைப் பையில் செருகினாள், மற்றதையெல்லாம் தின்றாள்.

"எங்கிட்ட அவ சொல்லவே இல்லையே" என்றாள் அக்கா கடைசியில்.

"எங்கிட்டயும்தான் சொல்லல."

"காப்பகத்துல இருக்கறவளுக்கு இத யாரு சொல்லித் தர்றது?"

"நான்."

அக்கா பையைத் திறந்து கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள். அடுக்கினாள் என்று சொல்ல முடியாது, திணித்தாள். "அடுத்த ஞாயிறு வருவேன். வந்து எடை பாப்பேன்" என்றாள் முதுகைக் காட்டிக்கொண்டே.

"வாங்க. சாப்பிட்டுட்டே போங்க. ஆனா உங்களுக்கு மிச்சந்தான்."

சகலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவியின் முதுகைப் பார்த்து அதை இருமலாக்கிக்கொண்டார். அவன் சிரிக்கவில்லை. கோபம் இன்னும் நெஞ்சில் அப்படியே இருந்தது. அதை யார் மேல் இறக்கி வைப்பது என்பதுதான் இப்போது தெரியவில்லை.

தட்டு காலியானது. வயிறு நிறைந்தால் உருண்டைக்குத் தும்மல் வரும். ஏன் என்று யாருக்கும் தெரியாது, பிறந்ததிலிருந்து அப்படித்தான். இப்போதும் வந்தது.