கம்பைலரின் வாயை அடைத்த வரி

எங்கள் லிஃப்ட் மென்பொருளில் ஒரு பொதுக் கோப்பு உண்டு. மற்ற கோப்புகளெல்லாம் முதல் வரியிலேயே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் தலையில் எங்கள் டீம் லீடர் ஒரு கட்டளை எழுதிவைத்திருந்தார்: எச்சரிக்கை எதையும் காட்டாதே. நிரலைப் படித்துப் பிழை சொல்லும் கம்பைலரின் வாயை ஒரே வரியில் மொத்தமாக அடைத்துவிட்டார் மனிதர்.

அந்த வரியை நான் தூக்கினேன். திரை முழுக்க மஞ்சள் மஞ்சளாக எச்சரிக்கைகள் வந்து கொட்டின.

"யாரைக் கேட்டு எடுத்தம்மா? நாளைக்கு டெமோ. மரியாதையா திரும்பப் போடு" என்றார் டீம் லீடர்.

"மாட்டேன் சார். இதைப் பாருங்க. கதவு மூடியிருக்கான்னு சொல்ற வேரியபிளுக்கு யாருமே ஆரம்ப மதிப்பு கொடுக்கல. அது வாய்க்கு வந்ததைச் சொல்லும்."

"இத்தனை நாள் ஓடலையா? தள்ளு, நானே போடறேன்."

எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

"தாராளமா போடுங்க. டெமோ நம்ம ஆபீஸ் லிஃப்ட்லதானே? முதல் ஆளா நீங்களே ஏறிக் காட்டுங்க."

அவர் விரல் விசைப்பலகைக்கு மேலே அப்படியே நின்றது.

"டெமோவைத் தள்ளிப்போட என்ன காரணம் சொல்றது?" என்று முனகினார்.

"திரையிலயே இருக்கே சார். வாசிங்க, சத்தமா."