தூக்கிய கால்கள்

என் பேத்தி தீபிகா பள்ளிக்கூடத்திலிருந்து தலைமுடியில் ஒட்டடையோடு வந்தாள். புத்தகப் பையை இறக்காமலே, "தாத்தா, இன்னிக்கும் நான்தான் பெருக்கினேன்," என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

பெங்களூர் அடுகோடியில் எங்கள் வீட்டைத் தினமும் நான்தான் பெருக்குகிறேன். அதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. ஆனால் அடுத்தவர் இடத்தில் எங்கள் வீட்டார் யாரும் துடைப்பம் தொடுவதில்லை. அது என் அம்மா போட்ட சட்டம். கன்டோன்மென்ட்டில் பட்டாளத்து அதிகாரிகளின் வீடுகளைப் பெருக்கியவள் அவள். எனக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்த அன்று அந்தத் துடைப்பத்தை அடுப்பில் வைத்து எரித்து, அதில் காய்ந்த வெந்நீரில் என்னைக் குளிக்கவைத்து அனுப்பினாள்.

அந்தச் சட்டத்தை உடைத்தவன் என் மகன் பிரகாஷ். தீபிகா படிக்கும் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். வெளிநாட்டில் பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்று பார்த்துவர நிர்வாகம் சில ஆசிரியர்களை ஜப்பானுக்கு அனுப்பியது. இவனும் போனான். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஏர்போர்ட் வரை போய் வழியனுப்பினேன். அவன் திரும்பி வந்து, அங்கே பிள்ளைகளே வகுப்பைச் சுத்தம் செய்கிறார்கள் என்று மேடையில் படம் காட்டிப் பேசினான். நிர்வாகத்துக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. அடுத்த வாரமே ஆயாக்களை நிறுத்திவிட்டார்கள்.

முதலில் எல்லாப் பிள்ளைகளும்தான் பெருக்கினார்கள். பிறகு வசதியான வீட்டுப் பெற்றோர் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். ஒரு பிள்ளைக்குத் தூசி ஆகாதாம், இன்னொன்றுக்கு வீசிங்காம். கடைசியில் மிஞ்சியது இலவச இடத்தில் சேர்ந்த பிள்ளைகளும் வாத்தியார் மகளும்தான்.

அன்று மாலை பிரகாஷ் ஷூவைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன்.

"அங்க பிரின்சிபாலே தொடப்பம் புடிக்கிறாரு நைனா. என் கண்ணால பாத்தேன்."

"பாத்தியே, அவரு பேத்திய எவனாவது தோட்டின்னு கூப்பிட்டிருக்கானா? அதக் கேட்டியா?"

சமையலறையில் மருமகள் உஷா குழாயை மூடினாள்.

"என் பொண்ணே செய்யலன்னா மத்த பசங்களுக்கு எந்த மொகத்த வெச்சிகினு சொல்றது?"

"உங்க பாட்டி மொகத்த வெச்சிகினு சொல்லு."

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

மறுநாள் மதியம் பிரின்சிபாலைப் பார்த்து இரண்டில் ஒன்று கேட்டுவிடுவதென்று கிளம்பினேன். வாட்ச்மேன் கன்னடத்தில் யார் வேண்டும் என்றான். பிரகாஷ் மாஸ்டரின் அப்பா என்றதும் எழுந்து நின்று வழிவிட்டான். அந்த மரியாதைக்குத்தானே இத்தனை வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவனைப் படிக்கவைத்தேன் என்று நினைத்துக்கொண்டே மாடியேறினேன். தீபிகாவின் வகுப்பு வழியில்தான் இருந்தது. ஜன்னலோரம் நின்றேன்.

தீபிகாவும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் குனிந்து பெஞ்சுகளுக்கு நடுவே பெருக்கிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். துடைப்பம் பக்கத்தில் வந்ததும் பேச்சை நிறுத்தாமல், கீழே பார்க்காமல், இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டார்கள். அது கடந்ததும் இறக்கிக்கொண்டார்கள். யாரும் கற்றுக்கொடுக்காமலே அவர்களுக்கு அது வந்திருந்தது. பேப்பர் படித்தபடியே கால் தூக்கும் அதிகாரிகளை என் அம்மா எங்களுக்கு நடித்துக் காட்டுவாள். நாங்கள் சிரிப்போம். அவள் மட்டும் சிரிக்கமாட்டாள்.

வகுப்பின் எதிர் வாசலில் பிரகாஷ் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. உயர்ந்து இறங்கும் கால்களையே வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் பார்வையை எடுக்கவில்லை.

குப்பையைத் தள்ளிக்கொண்டே தீபிகா வாசலுக்கு வந்துவிட்டாள். குனிந்த தலை நிமிராமல், "கால தூக்குங்க," என்றாள், அப்பாவென்று தெரியாமல்.

அவன் தூக்கவில்லை. துடைப்பம் அவன் ஷூவில் முட்டி நின்றது.