காலை மாத்திரை

அன்றைக்கு எதிரில் யார் நின்றிருந்தாலும் கிழி கிழியென்று கிழித்திருப்பேன். நின்றது ஆஃபியா சிஸ்டர். ராயபுரத்து டயாலிசிஸ் சென்டரில் என் நைனாவுக்கு ஊசி குத்துகிறவர்.

"இன்னைக்கும் பாதியிலேயே நிறுத்திட்டோம் அம்மு. பிரஷர் எண்பதுக்கு வந்துடுச்சு" என்றார்.

இந்த மாதம் முழுக்க இதே கதைதான். பாதியில் நிறுத்தினால் உடம்பில் தங்கின தண்ணீர் எங்கே போகும்? நெஞ்சுக்குத்தான். திருவொற்றியூர் வீட்டில் படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்து மூச்சு இளைக்கிற மனிதரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் இருநூறைத் தொட்ட பிரஷர், அறுபத்தெட்டு வயதில் எண்பதா? உங்கள் மெஷின் சரியில்லை, நீங்களும் சரியில்லை என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

சிஸ்டர் கோபப்படவில்லை. வயது ஏற ஏற ரத்தக்குழாய் விறைத்துப் போகும், இதயமும் தளரும், தண்ணீரை எடுக்கும்போது உடம்பு முன்போலத் தாங்காது, பிரஷர் சட்டென்று விழுந்துவிடும் என்றார். அதனால் டயாலிசிஸ் நாளில் காலையில் பிரஷர் மாத்திரை வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் போட்டால் போதும் என்று டாக்டர் போன மாதமே நைனாவிடம் சொல்லிவிட்டாராம்.

அன்று காலைகூட ஷேர் ஆட்டோ ஏறுவதற்கு முன் நைனா மாத்திரை போட்டுக்கொள்ளத் தண்ணீர் மொண்டு கொடுத்தது நான்தான். ஒன்றல்ல, இரண்டு. டாக்டர் இரண்டாக்கிவிட்டார் என்று அவர் சொன்னதை நம்பியும் தொலைத்தேன்.

கட்டிலருகே போய் அவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை உருவினேன்.

"இன்னா நைனா பண்ணிகினு கீற நீ?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பிரஷர் எறங்குனா மெஷின நிறுத்திடுறாங்கோ. சீக்கிரம் வூட்டுக்கு வந்துடலாம்."

"வூட்டுக்கா? நேரா சுடுகாட்டுக்குப் போயிடுவ."

"நாலு மணி நேரம் கைய ஆட்டாம ஒரு நாளு படுத்துப் பாரு. அப்பால திட்டு."

அதைக் கேட்டு அடங்கிப்போகிற ஆளா நான்? வீடு வந்து சேரும்வரை திட்டினேன். நெஞ்சு வலிக்க வலிக்கத் திட்டினேன். டாக்டர் எச்சரித்ததையே தப்பிக்கிற வழியாகப் பிடித்துக்கொண்ட மனிதரை வேறென்ன செய்ய?

அடுத்த முறை காலையில் மாத்திரை கொடுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஊசி குத்தாத கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பிரஷர் நூற்றுமுப்பதில் நின்றது. மெஷின் நிற்காமல் ஓடியது. மூன்று மணி நேரம் தாண்டியதும் அவரால் முடியவில்லை.

"நிறுத்தச் சொல்லும்மா. நான் உன் நைனா."

"அதனாலதான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவர் கையை உதறினார். நான் விடவில்லை.