உள்சுவரில் ஒரு ஜன்னல்

1966 செப்டம்பர் 12, திங்கட்கிழமை, காஞ்சிபுரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் நெசவாளி அர்ஜுனனும் அவன் மனைவி ரேணுகாம்பாளும், இருபதடி அகலமும் நாற்பதடி நீளமும் கொண்ட மனையை வீடு கட்டும் சங்கம் ஒன்றுக்கு நாலாயிரம் ரூபாய்க்கு அடமானம் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த நாளை நினைத்தால் ரேணுகாம்பாளுக்கு முதலில் ஞாபகம் வருவது கட்டைவிரல் மை. புளி போட்டுத் தேய்த்தும் அது போகவில்லை. தறியில் அப்போது எலுமிச்சை நிறச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. பட்டில் மை பட்டால் சேலையே வீண் என்று அன்று முழுக்க அவள் தறிப்பக்கம் போகவில்லை. கல்யாணமான எட்டு வருஷத்தில், பிள்ளை பெற்ற நாட்களும் தறி கழற்றிக் கிடந்த நாட்களும் தவிர, அவள் தறியைத் தொடாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

அவர்கள் நெய்தது கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அர்ஜுனன் தறிக்கு அடியில் தோண்டிய குழியில் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிப்பான். பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கு நூல் ஓட்டும் நாடாக் கட்டையைத் தள்ளுவது ரேணுகாம்பாள். இருந்ததோ பட்டம்மாள் வீட்டுக் கூடத்தில், வாடகைக்கு. ஒரு மூலையில் அடுப்பு, மற்ற இடமெல்லாம் தறியும் அதற்கு எதிரே நீளமாக இழுத்துக் கட்டிய பாவு நூலும். அந்த ஆனியில் பட்டம்மாள் வந்து நின்றாள்.

"தை மாசம் என் பையனுக்குக் கல்யாணம் வச்சிருக்குதுமா. பொண்ணு வூட்டுக்காரங்க வந்தா எங்க உக்கார வைக்கிறது, உங்க பாவு மேலயா? தறியைக் கழட்டிடுங்க."

ஏற்கெனவே இரண்டு வீடுகளில் இப்படிக் கழற்றியாயிற்று. ஒவ்வொரு முறையும் ஒன்றரை மாதச் சோறு போனது. கடன் வாங்கியாவது சொந்தமாகக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தவள் ரேணுகாம்பாள். மனை, அவள் அப்பா தென்னேரியில் நிலம் விற்று வாங்கிக் கொடுத்தது.

பத்திரம் பதிந்து திரும்பியதும் அர்ஜுனன் செய்த முதல் காரியம்தான் எல்லாத் தொல்லைக்கும் ஆரம்பம். வேட்டியைக்கூட மாற்றாமல் மனைக்குப் போய், கற்பூரம் ஏற்றிவிட்டு, தறிக்குழியைத் தோண்டினான். மற்றவர்கள் கடைக்காலுக்கு நாள் பார்ப்பார்கள். அவன் குழிக்கு நாள் பார்த்திருந்தான். குழியிலிருந்து அளந்துதான் சுவர்களுக்குக் கயிறு கட்டினார்கள். மேஸ்திரி முனிசாமிக்கும் அது புதிதில்லை. அந்தத் தெருவில் அவன் கட்டிய வீடுகளெல்லாம் அப்படித்தான் ஆரம்பித்தன. ஆனால் அவையெல்லாம் கடன் இல்லாமல் கட்டியவை.

சங்கம் பணத்தை மூன்று தவணையாகக் கொடுக்கும். பத்திரம் பதிந்ததும் ஆயிரம். பேஸ்மட்டம் எழும்பியதும் ஓவர்சியர் வந்து அளந்து எழுதினால் ஆயிரத்து ஐந்நூறு. சுவர் எழும்பி, கூரை ஏறும் முன் மீதி. அக்டோபர் முதல் வாரம் ஓவர்சியர் சாமுவேல் சைக்கிளில் வந்து இறங்கினார். வாலாஜாபாத் பக்கத்து ஆள், ஒல்லியான மனிதர், கையில் டேப், கக்கத்தில் குடை. பேஸ்மட்டத்தின் மேல் ஏறிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, வீட்டுக்கு நடுவுல கிணறு வெட்டிக்கினு இருக்கீங்களா?"

"தறிக்குழி சார்" என்றாள் ரேணுகாம்பாள்.

"பிளான்ல இல்லியே."

"அதை எதுக்கு சார் பிளான்ல போடணும்? தறி எப்பவும் இருக்கறதுதானே."

சாமுவேல் பிளானை விரித்துக் காட்டினார். சென்னையில் யாரோ வரைந்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி அச்சடித்துக் கொடுத்தது. முன்னால் பத்தடிக் கூடம், அதையடுத்து ஒரு சுவர், சுவருக்குப் பின்னால் படுக்கை அறை, கடைசியில் சமையலறை. குழிக்கு நேர் எதிரே பதினாலடி பாவு நீட்ட வேண்டிய இடத்தில், சரியாக ஏழாவது அடியில் அந்தச் சுவர் நின்றது.

"இதை நானா எழுதாம விட முடியாதுமா. செகரட்டரியைப் பாருங்க" என்றார்.

சங்கத்துச் செகரட்டரி சீனிவாசன் கெட்டவர் இல்லை, கோபப்படக்கூட இல்லை. விதிப் புத்தகத்தைத் திருப்பி அவர்கள் பக்கம் தள்ளினார்.

"இது குடியிருக்கறதுக்குக் குடுக்கற கடன். தறிக் கார்கானா வைக்கறதுக்கு இல்ல. குழியை மூடணும், பிளான்ல இருக்கற சுவரைக் கட்டணும். குழி மூடினாத்தான் அடுத்த தவணை, சுவர் எழும்பினாத்தான் கடைசித் தவணை. தறிக்குப் பணம் வேணும்னா நெசவாளர் சங்கத்துல கேளுங்க."

அங்கேயும் போனார்கள். அங்கிருந்த குமாஸ்தா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தறிக்குக் குடுப்போம்பா. குழிக்குக்கூடக் குடுக்கலாம். அதைச் சுத்தி வீடு கட்டறேன்னா எங்ககிட்ட அதுக்குக் கணக்குத் தலைப்பு இல்ல."

வெளியே வந்ததும் ரேணுகாம்பாள் வெடித்தாள். "ஒருத்தரு வீடுங்கறாரு, இன்னொருத்தரு தறிங்கறாரு. நாம இன்னா ரெண்டாப் பிரிஞ்சா கிடக்கறோம்? சாப்புடறது ஒரு வூட்ல, நெய்யறது ஒரு வூட்லயா?"

அர்ஜுனன் வீடு வந்த பிறகு மெதுவாகச் சொன்னான். "சுவர் வேணா கட்டலாம். குழியை மூட மாட்டேன்."

"மூடிட்டு அப்புறமா தோண்டிக்கயேன்யா."

"எங்கப்பா செத்த பதினாறாம் நாள் அவர் குழில மண்ணைத் தள்ளுனது நான்தான். குழியை மூடறது நெசவு நின்ன வீட்ல செய்யற வேலை. இன்னும் ஒரு இழைகூட ஓடல, அதுக்குள்ள மூடணுமா?"

அவளுக்கும் அது தெரியும். பத்து நாள் வேலை நின்றது. ஐப்பசி பிறந்தது. மாலையில் வடகிழக்கில் கருத்துக்கொண்டு வரும். மேலே சுவர் இல்லாமல், பூச்சு இல்லாமல் கிடக்கும் பேஸ்மட்டம் இரண்டு பெருமழைக்குத் தாங்காது. பட்டம்மாள் வீட்டிலோ கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க ஆள் பேசிவிட்டார்கள்.

வழி சொன்னது முனிசாமி. பாலாற்று மணல் இரண்டு வண்டி வந்து இறங்கவேண்டிய நாள் அது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து அர்ஜுனனிடம் கேட்டான்.

"அண்ணாத்த, மண்ணைக் கொட்டுனாத்தானே மூடறது? மணலை எங்கனா சேத்து வைக்கணும்ல. தெருவுல கொட்டுனா மழையில கரைஞ்சிரும், கோழி கிளறும். குழில கொட்டி வைக்கறேன். பூச்சு வேலைக்கு வேணும்போது எடுத்துக்கறேன். மணல் வச்சிருக்கற இடத்தை மூடிட்டாங்கன்னு எவனாவது சொல்வானா?"

அர்ஜுனன் குழி ஓரம்வரை போய்ப் பார்த்துவிட்டு, "முழுக்க எடுத்துரணும்" என்றான்.

"ஒரு பொடி விடாம எடுக்கறேன். நீ சலிச்சுப் பாத்துக்க."

சாமுவேல் மறுபடி வந்தபோது குழி தரை மட்டத்துக்கு நிரம்பியிருந்தது. டேப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தவரின் கால் கணுக்கால்வரை உள்ளே போனது. செருப்பைக் கழற்றி மணலைக் கொட்டினார்.

"இன்னாமா, கால் புதையுது?"

"மணல் சார்" என்றாள் ரேணுகாம்பாள். "வீடு கட்ட வாங்குனது."

அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். முனிசாமி அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டு செங்கல் எண்ண ஆரம்பித்தான். சாமுவேல் நோட்டை எடுத்து, 'பள்ளம் நிரப்பப்பட்டுள்ளது' என்று எழுதினார். எழுதியதை அவர்களுக்குப் படித்தும் காட்டினார்.

இரண்டாம் தவணை வந்தது. புயல் மழைக்கு நாலு நாள் முன்னால் வெளிச்சுவர் மூன்றடி எழும்பிவிட்டது, அதனால் தப்பியது. மழை விட்ட பிறகு வேலை மறுபடி தொடங்கியது. வெயில், ஈரச் சுண்ணாம்பின் வாசனை, மதியம் எல்லோருமாகச் செங்கல் அடுக்கின் நிழலில் உட்கார்ந்து தின்ற கேழ்வரகுக் களி. பிற்காலத்தில் ரேணுகாம்பாள் அடிக்கடி எண்ணிக்கொண்டது அந்த வாரங்களைத்தான். அவ்வளவு பயந்திருந்த நாட்கள் பிறகு ஏன் அவ்வளவு நன்றாக இருந்தன என்று அவளுக்கு விளங்கியதே இல்லை.

நடுச்சுவரை என்ன செய்வது என்று அவள்தான் கண்டுபிடித்தாள். ஒருநாள் சாயங்காலம் மணல்மேல் உட்கார்ந்து, அர்ஜுனனை எதிரே நிற்கச் சொல்லி, பாவு போகும் உயரத்துக்குக் கயிறு பிடித்தாள். கயிறு சுவர்க்கோட்டைத் தாண்டிய இடத்தில் ஒரு குச்சியை நிறுத்தி, கரித்துண்டால் உயரத்துக்குக் குறி போட்டாள்.

"மேஸ்திரி, இந்த உசரத்துல ஒரு ஜன்னல் வுடு. நாலடி அகலம், ஒரு அடி உசரம்."

முனிசாமி சிரித்தான். "முழங்கால் உசரத்துல ஜன்னலா? பூனை வந்து போகவா அண்ணி?"

"பாவு வந்து போக. நீ கட்டு."

ஜனவரியில், கூரைக்கு முன், சாமுவேல் கடைசி முறையாக வந்தார். தறி அப்போது பட்டம்மாள் வீட்டிலிருந்து கழற்றப்பட்டு, கட்டு கட்டாக மனை ஓரத்து வேப்பமரத்தடியில் சாக்கு மூடிக் கிடந்தது. பட்டம்மாள் வீட்டில் பந்தல் போட்டாகிவிட்டது. மூன்றாம் தவணை வராவிட்டால் அந்தக் கட்டுகளைப் பிரிக்க இடம் கிடையாது.

சாமுவேல் கூடத்தை அளந்தார். பத்தடி, பிளானில் உள்ளபடி. நடுச்சுவரின் கனம் அளந்தார். பிறகு குனிந்து அந்த ஜன்னல் வழியாகப் படுக்கை அறையைப் பார்த்தார். நிமிர்ந்து மணலைப் பார்த்தார். மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

"உள்சுவத்துக்கு ஜன்னல் எதுக்குமா?"

அர்ஜுனன் வாயைத் திறந்தான். ரேணுகாம்பாள் முந்திக்கொண்டாள். "காத்தோட்டத்துக்கு சார்."

"கீழயா?"

"பசங்க தரையிலதானே சார் படுக்கும்."

சாமுவேல் சுவரில் சாய்ந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "எங்க ஊர்ல எங்கப்பா கட்டுன வீட்ல அடுப்பங்கரை எங்க முடியுது, மாட்டுக்கொட்டாய் எங்க ஆரம்பிக்குதுன்னு எந்த இன்ஜினியரும் சொல்ல முடியாது. எல்லாரும் ஒண்ணாத்தான் கிடந்தோம். சுவர் இருக்குதான்னு பாக்கச் சொன்னாங்க. இருக்குது. ஓட்டை இருக்குதான்னு கேக்கல."

"எழுதுங்க சார்" என்றாள்.

அவர் எழுதினார். சைக்கிளில் ஏறும்போது அர்ஜுனனிடம், "தறி பூட்டுனா ஒருநாள் வந்து பாக்கறேன்பா" என்றார். ஆனால் அந்தக் கோடையிலேயே அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், அவர் வரவில்லை.

மூன்றாம் தவணை பிப்ரவரி மூன்றாம் தேதி கிடைத்தது. மங்களூர் ஓடு போட்டார்கள். சொன்னபடி முனிசாமி குழியிலிருந்த மணலைக் கூடை கூடையாக எடுத்துப் பூச்சு வேலையை முடித்தான். அடியில் மிச்சமிருந்ததை அர்ஜுனன் துடைப்பத்தால் கூட்டி அள்ளினான். தறி பூட்டியபோது நெய்பவர்கள் கூடத்தில் இருந்தார்கள், பாவின் பாதி ஜன்னல் வழியாகப் போய்ப் படுக்கை அறையில் இருந்தது. இரவில் பிள்ளைகள் பாவுக்கு அடியில் படுத்தார்கள்.

1967 ஏப்ரல் முதல் வாரத்தில் அந்தத் தறியில் முதல் சேலையை அறுத்து இறக்கினார்கள். சங்கத்தின் பதிவேட்டில் வீடு, ஒரு கூடம், ஒரு படுக்கை அறை, ஒரு சமையலறை என்று மட்டும் இருந்தது. கடன் 1976 நவம்பரில் தீர்ந்து, பத்திரம் திரும்பி வந்தது.